விழுவதைப் பார்க்கப் போன ஆரிபா

ஷட்டர் முக்கால்வாசி இறங்கினால் ஆரிபா ஒரு மெத்தையைத் தைத்து முடித்துவிட்டார் என்று அர்த்தம். மதுரை கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் போகும் சந்தில், எதிர்க்கடையில் டீ ஆற்றும் சிவக்குமார் கையில் இருக்கிற கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே விட்ட ஒரு முழ இடைவெளியில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். உள்ளேயிருந்து “பிஸ்மில்லா” என்று குரல் வரும். அடுத்த நொடி அந்தப் பாதங்கள் தரையைவிட்டு எழும்பிக் காணாமல் போகும். ‘பொத்’தென்று ஒரு சத்தம். பிறகு கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் கேட்காது. அந்த நேரத்தில் ஆரிபா மெத்தையில் மல்லாந்து கிடந்தபடி முதுகால் யோசித்துக்கொண்டிருப்பார்.

“பொத்துன்னு கேட்டாச் சரி. டப்புன்னு கேட்டா அம்புட்டையும் பிரிச்சிருவேன்” என்பார், ஷட்டரைத் தூக்கிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே.

ஆரிபாவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஆள் குள்ளம், தோள் அகலம். கனத்த ரெக்ஸினை மெஷின் ஊசிக்குக் கீழே தள்ளித் தள்ளி வந்த தோள். மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட, ஆட்டோ சீட்டின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் சிவப்பு பைப்பிங்கில் ஒரு துண்டைக் கட்டியிருக்கிறார். ஆட்டோ சீட், பைக் சீட், ஜிம்மில் படுத்துக்கொண்டு எடை தூக்கும் பெஞ்சு, டாக்டர் வீட்டுப் பரிசோதனைக் கட்டில் எல்லாம் அவர் கைக்கு வரும். டவுன்பஸ்ஸில் ஏறினால் உட்காருமுன் சீட்டை உள்ளங்கையால் ஒருமுறை அமுக்குவார். சில சீட்டுகளை அமுக்கிவிட்டு நின்றுகொண்டே வந்துவிடுவார். ஒரு கல்யாண மண்டபத்தில், மணமக்கள் உட்கார்ந்திருந்த சோபாவின் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டார் என்று மகள் ஃபர்ஹா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. “தைக்காம ஸ்டேப்ளர் அடிச்சிருக்கான்டி. பாவம், அந்தப் புள்ள அதுல போயிச் சாஞ்சு உக்காந்திருக்கு” என்பதுதான் ஆரிபா தரப்பு நியாயம்.

ஆனால் கடையில் அவர் உட்காருவது பிளாஸ்டிக் ஸ்டூலில். “மெத்தை தைக்கிறவ மெத்தைல உக்காந்தா வேலை ஓடாது. ஒடம்பு சொகத்தத் தேடிரும்.” அந்தச் சுகம் முழுவதும் கணவர் உமர் பாரூக்கின் ஆட்டோவுக்குப் போய்விட்டது. அவருடைய பின்சீட்டில் ஏறுகிறவர்கள் ஆனையூர் போவதற்குள் தூங்கிவிடுகிறார்கள். இறங்கவேண்டிய இடத்தில் எழுப்பி இறக்கிவிடுவது அவருக்கு ஒரு வேலையாகவே இருக்கிறது. உமர் பாரூக் அதிகம் பேசாதவர். மனைவி நாலு வார்த்தை சொன்னால் அதில் கடைசி வார்த்தையை மட்டும் திருப்பிச் சொல்வார். சம்மதம் என்று பொருள்.

ஆட்டோ சீட்டு தைத்துக்கொண்டிருந்தவரை இந்த விழும் மெத்தைக்குக் கொண்டுவந்தவர் ஜெயக்கொடி. விளாங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். முப்பது வயது, கயிறுபோல முறுக்கேறிய கைகள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கதவைக் கழற்றி முதுகில் கட்டியதுபோல எதையோ சுமந்துகொண்டு சந்துக்குள் வந்து கடை வாசலில் இறக்கினார். வார் அறுந்துபோன வெளிநாட்டு மெத்தை. பாறை ஏறுகிறவர்கள் இதைக் ‘கிராஷ் பேட்’ என்கிறார்கள். கயிறு எதுவும் கட்டிக்கொள்ளாமல் இரண்டாள் உயரப் பாறைகளில் வெறுங்கையால் தொற்றி ஏறுவது ஒரு விளையாட்டு. கை நழுவினால் விழுவதற்குக் கீழே இது விரித்திருக்கும். நடுவில் மடித்தால் இரண்டு வார்களால் முதுகில் மாட்டிக்கொள்ளலாம்.

“விழுறதுக்குன்னே ஒரு மெத்தையா?” என்று கேட்டார் ஆரிபா.

“ஆமாக்கா.”

“விழாம ஏற வேண்டியதுதானே?”

“பத்துத் தடவ விழுந்தாத்தான்க்கா ஒருதடவ ஏறும்.”

வாரை மட்டும் தைத்தால் போதும் என்றார் ஜெயக்கொடி. ஆரிபா ஓரத் தையலையும் பிரித்து உள்ளே பார்த்தார். மேலே விரல் போகாத கெட்டிப் பஞ்சு. கீழே கை புதைகிற மெத்துப் பஞ்சு. நெடுநேரம் இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தார். “மேல இருக்கது ஒதையத் தாங்குது. கீழ இருக்கது அதோட கோவத்தத் தணிக்குது” என்றார். பத்து நாளில், யாரும் கேட்காமலே, அதேபோல ஒன்றைத் தைத்து ஜெயக்கொடியை வரச்சொன்னார். அதற்குப் பிறகு பதினோரு மெத்தை போய்விட்டது. கூடவே, அலையில் நின்று சறுக்கும் பலகைகளுக்கு உறை கேட்டும் ஆட்கள் வந்தார்கள். அதற்கு ஆரிபா வைத்த பெயர் பலகைச் சட்டை. “ஆறடிப் பலகைக்கு ஒரு சட்டை வேணும்னு போன் வந்துச்சு” என்று அவர் சொன்னால் சந்தில் யாருக்கும் இப்போது ஆச்சரியம் இல்லை.

எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போயின. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், ரோட்டிலிருந்து தென்னந்தோப்பு வழியாக நடந்து, பாறைச் சரிவில் கயிற்றைப் பிடித்து இறங்கினால் வருகிற ஒரு சின்னக் கடற்கரை. இரண்டு பக்கமும் பாறை அடைத்திருப்பதால் வெளியில் தெரியாது. பேரை எழுதிவிட வேண்டாம், கூட்டம் வந்துவிடும் என்று ஜெயக்கொடி கேட்டுக்கொண்டிருக்கிறார். மார்கழியிலிருந்து மாசிவரை அங்கே பாறை ஏறுகிறவர்களும் அலைச்சறுக்குகிறவர்களும் கூடாரம் போட்டுக் கிடப்பார்கள். ஆரிபா தைத்த மெத்தைகளை அங்கே பெங்களூர்க்காரர்களும் கொச்சிக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் சுமந்து திரிகிறார்கள். ஆரிபா அந்த இடத்தைப் பார்த்ததில்லை. தன் மெத்தையில் ஒருவர் விழுந்தும் பார்த்ததில்லை.

சென்ற அரைப்பரீட்சை விடுமுறைக்கு அங்கே போன ஜெயக்கொடி காலில் கட்டோடு திரும்பி வந்தார். கணுக்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி, ஒற்றைக்காலில் தத்திக் கடைக்குள் வந்தவரைப் பார்த்து ஆரிபா மெஷினிலிருந்து எழுந்துவிட்டார்.

“எம் மெத்தைலயா விழுந்தே?”

“ஆமாக்கா. மெத்தை மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் கோணலா விழுந்துட்டேன்.”

“தப்பு இல்லைன்னா எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

ஜெயக்கொடி நிமிர்ந்து பார்த்தார். ஆனால் அது ஒரு நொடி தாமதமாக வந்த பார்வை. ஆரிபாவுக்கு அது போதும்.

அதற்குப் பிறகு சந்தில் ஷட்டர் முக்கால்வாசி இறங்கவே இல்லை. ஆட்டோ சீட் தைத்தார், ஜிம் பெஞ்சு தைத்தார். விழும் மெத்தைக்கென்று வெட்டி வைத்திருந்த கான்வாஸ் மூலையில் சுருட்டியபடியே கிடந்தது. கடையில் மிச்சமிருந்த ஒரே ஒரு மெத்தையை மூன்றுமுறை பிரித்துப் பார்த்தார். பஞ்சு சரியாக இருந்தது, தையல் சரியாக இருந்தது. கடையை மூடிய பிறகு மல்லாந்து விழுந்து பார்த்தார், ‘பொத்’தென்றுதான் கேட்டது. குறை எங்கே என்று தெரியாததுதான் அவரை அரித்தது. சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு பாதியில் கையை நிறுத்திவிடுவார். போனில் கேட்டால் ஜெயக்கொடி அதே பதிலைச் சொல்வார்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட வந்த கணவரிடம் சொன்னார்: “ஏங்க, கடலுக்குப் போவணும்.”

“போவணும். ராமேஸ்வரமா?”

“கடல யாரு பாக்கப் போறா. எம் மெத்தைல விழுறதப் பாக்கணும்.”

“பாக்கணும்” என்றார் உமர் பாரூக்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்துக் கிளம்பினார்கள். ஜெயக்கொடியின் சிநேகிதர்கள் வைத்திருந்த வேனில் பின்பக்கம் முழுக்க மெத்தையும் பலகையும். கட்டு அவிழ்த்த காலில் ஜெயக்கொடி இன்னும் கொஞ்சம் பார்த்துப் பார்த்துத்தான் மிதித்தார். “டாக்டர் ஏறலாம்னு சொல்லிட்டாருக்கா. மனசுதான் இன்னும் சொல்லல” என்றார். ஆரிபா வேனில் ஏறியதும் சீட்டை அமுக்கிப் பார்த்தார். அதிலேயே உட்கார்ந்தார். நாகர்கோவில் வரும்வரை வேனில் மற்றவர்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் மடியில் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு கோணி ஊசி, ஒரு குத்தூசி, கத்தரிக்கோல், துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி எல்லாம் இருந்தன. அவை இல்லாமல் அவர் மார்க்கெட்டுக்குக்கூடப் போவதில்லை.

தென்னந்தோப்பு முடிந்த இடத்தில் சரிவு ஆரம்பித்தது. கீழேயிருந்து ஏறிவந்து கை கொடுத்தவர் ததேயு. அந்தக் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்புக்காரர். காலையில் கடலுக்குப் போய்வந்து, பகலில் ஓலைக் கொட்டகையில் வந்தவர்களுக்கு மீன்குழம்பும் கிழங்கும் போடுகிறார். சாயங்காலம் பலகையில் ஏறக் கற்றுக்கொடுக்கிறார்.

“எம்மா, காலு பாத்து வைங்க. பாறை வழுக்கும். அண்ணாச்சி, நீங்க கயித்த விடாண்டாம்.”

கடைசிப் பாறையைச் சுற்றித் திரும்பியதும் உமர் பாரூக் நின்றுவிட்டார். பஸ் பஸ்ஸாக நிறுத்திவைத்ததுபோலக் கருஞ்சிவப்புப் பாறைகள். நடுவே அரைவட்டமாக மணல். அதற்கப்பால் பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், தூரத்தில் ஒரு கோடாகக் கிளம்பி, வரவர உயர்ந்து, வெள்ளையாக உடைந்து வந்தது. அந்த வெள்ளைக்கு முன்னால் ஒரு பெண் பலகைமேல் நின்றபடி கரைவரைக்கும் வந்து, பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோலச் சாதாரணமாக இறங்கினாள்.

“இது என்ன ஆரிபா” என்றார் உமர் பாரூக். அவராக ஒரு வாக்கியம் சொல்லி வெகுநாளாகியிருந்தது.

ஆரிபா கடலைப் பார்க்கவில்லை. பாறைகளுக்குக் கீழே அங்கங்கே நீலமும் சாம்பலுமாக விரிந்து கிடந்த மெத்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணல் ஒட்டி, உப்பு பூத்து, வெயிலில் நிறம் மங்கி, ஓரத்தில் கிழிந்த இடத்தில் யாரோ டேப் ஒட்டி. கல்யாணமாகிப் போன மகள் வீட்டுக்கு முதல்முறை போன தாயைப்போல ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய்க் குந்தி, தையலைத் தடவிப் பார்த்தார். “உப்புத் தண்ணி படுற துணிக்கு நூல மாத்திருக்கணும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அவர்தான் தைத்தவர் என்று ஜெயக்கொடி சொன்னதும் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். தாடி வைத்த ஒரு பெங்களூர்ப் பையன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கப் போய், சட்டென்று நிறுத்திக் கும்பிட்டான். அவன் கை இரண்டும் வெள்ளைவெளேர் என்று இருந்தன. வியர்வையில் வழுக்காமல் இருக்கப் பூசிக்கொள்ளும் சாக் தூள்.

“நீங்களும் நம்ம தொழில்தானா?” என்று ஆரிபா தன் சாக்குக்கட்டியை எடுத்துக் காட்டினார். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

பிறகு அவர்களிடம் ஒரு வேலை கேட்டார். ‘இந்த ஒரு மெத்தைக்கு மேல எப்பவும்போல ஏறுங்க. விழுந்தா, விழுந்த எடத்துலயே அப்புடியே நில்லுங்க.’ அவ்வளவுதான். ஒரு பாறைமேல் தன் துப்பட்டாவின் ஓரத்தை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். ஒருவர் ஏறுவார், விழுந்தால் தாங்கிக்கொள்ள இன்னொருவர் கீழே உள்ளங்கைகளை உயர்த்தியபடி நிற்பார், முக்கால் தூரத்தில் விரல் நழுவும், விழுவார். ஆரிபா எழுந்து போய், அவருடைய குதிகாலைச் சுற்றி மெத்தையில் சாக்குக்கட்டியால் கோடு போடுவார். “போங்க தம்பி.” அடுத்தவர். உடம்பைச் சுருட்டி விழுகிறவர்கள், கையை விரித்து விழுகிறவர்கள், விழும்போதே சிரிக்கிறவர்கள் என்று பலவிதமாக இருந்தார்கள். ஆனால் ஒருவர்கூட முதுகால் விழவில்லை. எல்லோரும் குதிகாலால்தான் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்கள், உருண்டார்கள்.

இரண்டு மணிநேரத்தில் மெத்தையில் ஏகப்பட்ட குதிகால் வட்டங்கள். ஆரிபா எழுந்து தள்ளி நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வட்டங்கள் எல்லாம் ஓரத்தில் ஒன்று இரண்டு போக, நடுவே ஒரு கோட்டின்மேல் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அந்தக் கோடு, மெத்தையை மடிப்பதற்காக அவர் விட்டிருந்த மடிப்பு. இரண்டு பஞ்சுக்கும் நடுவே வெறும் கான்வாஸ் மட்டும் ஓடுகிற இடம்.

“ஜெயக்கொடி” என்று கூப்பிட்டார். “அம்புட்டுப் பேரும் நடுவுலதான் விழுறீங்க. நா நடுவுலதான் ஒண்ணுமே இல்லாம வச்சிருக்கேன்.”

ஜெயக்கொடி மணலில் காலால் எதையோ கிளறிக்கொண்டு நின்றார்.

“ஒனக்கு இது தெரியும்.”

“தெரியும்க்கா. அன்னைக்குக் குதிகால் மடிப்புக்குள்ள போயிருச்சு. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்…”

“வருத்தப்பட விட்டிருக்கணும்த்தா” என்றார் ஆரிபா. கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. “ஒன்றரை மாசமாச் சரியாத் தூங்கல. எங்கெங்கயோ பிரிச்சுப் பாக்குறேன், ஒண்ணும் சிக்க மாட்டேங்குது. நம்ம கையில வேற ஏதோ கோளாறு வந்துருச்சுன்னு பயந்துட்டேன். மெஷினையே குடுத்துரலாமான்னுகூட நெனச்சேன். ஒத்த வார்த்தை நீ சொல்லிருந்தா மறுநாளே முடிஞ்சிருக்கும்.”

ஜெயக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. “தப்புதான்க்கா.”

“எந் தப்பு இதுல இருக்கு, ஒந் தப்பு சொல்லாம விட்டதுல இருக்கு. ரெண்டையும் இங்கயே முடிச்சிட்டுப் போவோம்.” ஆரிபா அதற்குள் மெத்தையைத் திருப்பிப் போட்டு, மடிப்பின் அகலத்தை விரலால் அளக்க ஆரம்பித்திருந்தார். “நா இம்புட்டு வருசமா தூங்குறவ மாதிரி விழுந்து பாத்திருக்கேன். மல்லாந்து விழுந்தா மடிப்பு எங்க தெரியும்? குதிக்கிறவ மாதிரில்ல விழுந்திருக்கணும்.”

மடிப்பை மூட ஒரு பட்டை வேண்டும். கெட்டியாக இருக்கவேண்டும், ஆனால் மடங்கவும் வேண்டும். கொட்டகையின் பின்னால் சாய்த்து வைத்திருந்த, நடுவில் ஒடிந்த ஒரு பழைய சறுக்குப் பலகையில் அவர் கண் போய் நின்றது. அதன் மேல்பக்கம் ரப்பர்போன்ற பஞ்சுத்தோல் ஒட்டியிருந்தது. ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் பாதி போய் நின்றது.

“இது வேணுமே” என்றார்.

“ஒடஞ்ச போர்டும்மா அது. உரிச்சு எடுத்துக்கிடுங்க” என்றார் ததேயு. வலை முடியும் நைலான் நரம்பில் ஒரு கண்டும் கொண்டுவந்து கொடுத்தார். “நூலுக்கு இது போதுமா? சுறாவே அறுக்காது, பாத்துக்கிடுங்க.”

பலகையில் ஏறுகிறவர்கள் கணுக்காலில் ஒட்டிக்கொள்ளும் பழைய வெல்க்ரோ பட்டைகள் நான்கு கிடைத்தன. ஆரிபா கொட்டகை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, பஞ்சுத்தோலை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, ஒரு பக்கத்தை மெத்தையோடு சேர்த்துக் கோணி ஊசியால் தைத்தார். மறுபக்கத்தில் வெல்க்ரோ. பட்டையைத் தூக்கினால் மெத்தை மடியும். மூடி ஒட்டினால் மடிப்பு இருந்த இடமே தெரியாது. ஊசி கான்வாஸைத் துளைக்கும் ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினார். ஏறவந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பெங்களூர்ப் பையன் மீன் வறுவலை முள் எடுத்து, குழம்பு ஊற்றிய கிழங்கோடு ஒரு தட்டில் வைத்துப் பக்கத்தில் நகர்த்தினான். இடதுகையால் ஒன்று எடுக்கப் போய், வேண்டாம் என்று நிறுத்தி, ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு வலதுகையால் எடுத்துச் சாப்பிட்டார். “கொழம்புல புளி தூக்கல். வறுவல் நல்லாருக்கு” என்றார். ததேயு அதை ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையில் உமர் பாரூக்கை யாரும் கவனிக்கவில்லை. கைலியைத் தொடைக்குமேல் வரிந்து கட்டிக்கொண்டு அவர் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு மணிநேரமாக அலைகளைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ததேயு ஒரு அகலப் பலகையைக் கொண்டுபோய்ப் போட்டு, அவரைக் குப்புறப் படுக்கவைத்து, ஒரு வெள்ளலையில் தள்ளிவிட்டார். பலகை சீறிக்கொண்டு கரைக்கு வந்தது. இரண்டாவது தடவை உமர் பாரூக் படுக்கச் சம்மதிக்கவில்லை. பலகையின் நடுவில் சம்மணம்போட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அலை தள்ளியதும் ஆட்டோ ஓட்டுகிற அதே தோரணையில், இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறவர்போலக் கரையேறினார்.

“எப்படி அண்ணாச்சி?” என்றார் ததேயு.

“ஹாரன் மட்டும்தான் இல்ல” என்றார் உமர் பாரூக். மூன்றாவது அலை அவரைத் தலைகீழாகப் புரட்டி, மணலில் காதுவரை புதைத்தது. எழுந்து, மூக்கைச் சிந்திவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடலுக்குள் நடந்தார். கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆரிபா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவருக்கு நீச்சல் தெரியும். வைகையில பழகினது. தண்ணி வந்த காலத்துல” என்றார்.

பட்டை தைத்து முடிந்தபோது மூன்று மணி. மெத்தையை விரித்து, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார்கள். ஜெயக்கொடி பாறையை நோக்கி நடந்தார். ஆரிபா குறுக்கே கையை நீட்டினார்.

“மொதல்ல நா.”

மீன்பெட்டி இரண்டை அடுக்கி, அதன்மேல் கால்வைத்து, இடுப்புயரப் பாறை ஒன்றில் ஏறினார். துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். சுடிதார்க் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். மேலேயிருந்து பார்க்கும்போது மெத்தை அவருக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. இவ்வளவு சின்னதை நம்பித்தான் இத்தனை பேரும் கையை விடுகிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“பிஸ்மில்லா” என்று சொல்லி, இரண்டு குதிகாலையும் சேர்த்து, நட்டநடுவில் குதித்தார்.

குதித்தவர் விழவில்லை. குதித்த இடத்தில் நின்றார். பட்டை ஒரு விரல் அளவு அமுங்கி, அவரைத் திருப்பி உயர்த்திக் கொடுத்தது. ஆரிபா குனிந்து தன் பாதங்களையே பார்த்தார். பிறகு மறுபடி பெட்டிமேல் ஏறினார். மூன்று முறை குதித்தார். மூன்றாவது முறை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது சோதனைபோலத் தெரியவில்லை. குதிக்கப் பிடித்துத்தான் குதித்தார் என்று ஜெயக்கொடி இப்போதும் சொல்கிறார்.

அதற்குப் பிறகு ஜெயக்கொடி ஏறினார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் காலை வாங்கிய அதே பாறை. கையில் சாக் பூசி, விரல் நுனியால் ஒரு விளிம்பைப் பற்றி, உடம்பை உயர்த்தினார். பாதித் தூரத்தில் பிடி மாற்றவேண்டிய இடம் வந்தது. அங்கே வந்ததும் கீழே பார்த்தார். விரல் நழுவியது. குதிகால் இரண்டும் நேராகப் பட்டையின்மேல் வந்து இறங்கின.

ஜெயக்கொடி அப்படியே மெத்தையில் உட்கார்ந்தார். கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். “வலிக்கலக்கா” என்றார். திரும்பத் திரும்ப அதையே சொல்லிச் சிரித்தார். ஆரிபா அவர் பக்கத்தில் மண்டியிட்டு, முதலில் தையலைப் பார்த்தார், அப்புறம்தான் காலைப் பார்த்தார்.

இன்னும் இரண்டு தடவை விழுந்து, நான்காவது தடவை ஜெயக்கொடி பாறையின் உச்சிக்குப் போய்விட்டார். அங்கே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு, “அக்கா, இங்கருந்து பாத்தா உமர் அண்ணன் நல்லாத் தெரியுறாரு. இப்ப நாலாவது ஆளா வரிசைல நிக்கிறாரு” என்று மேலேயிருந்து சேதி சொன்னார்.

நடுவில் வெற்றிடம் இல்லாத மெத்தை ஒன்றை ஆரிபா அப்போதே மனசில் வெட்டத் தொடங்கியிருந்தார். மேல் பஞ்சு அறுபடாமல் ஒரே துண்டாக ஓடவேண்டும். கீழ்ப் பஞ்சை மட்டும் சாய்வாக வெட்டவேண்டும். அப்படியானால் மடித்தாலும் மடியும், விழுந்தாலும் நடுவில் பஞ்சு இருக்கும். ஈர மணலில் சாக்குக்கட்டியால் அதை வரைந்துகாட்டினார். அலை வந்து அழித்தது. கொஞ்சம் மேலே தள்ளிப்போய் மறுபடி வரைந்தார். தைத்துக் கொடுத்த பதினோரு மெத்தையும் ஒவ்வொன்றாக மதுரைக்கு வரவேண்டும், மடிப்பை மூடாமல் ஒன்றையும் திருப்பி அனுப்பமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பெங்களூர்ப் பையன் தன் மெத்தையை அப்போதே வேனில் ஏற்றச் சொன்னான்.

“தண்ணி ஏறுது, கெளம்புங்க. இன்னும் அரைமணி போனா அந்தப் பாறைய சுத்த முடியாது” என்று ததேயு சொன்னார். உமர் பாரூக்கை மூன்றுபேர் போய்க் கூப்பிடவேண்டியிருந்தது. நனைந்த கைலியோடு, கண்ணெல்லாம் சிவந்து, சின்னப் பிள்ளைபோல வந்தார். “அடுத்த ஞாயித்துக்கெழம…” என்று ஆரம்பித்தார். “ஞாயித்துக்கெழம” என்றார் ஆரிபா.

கையில் பையை எடுத்துக்கொண்டு சரிவை நோக்கி நடந்தார்கள். மேலே ரோட்டில் வேன்காரர் இரண்டுமுறை ஹாரன் அடித்தார். கயிற்றில் கைவைத்த ஆரிபா எதற்கோ திரும்பிப் பார்த்தார். பெரிய பாறையில், பேர் தெரியாத ஒரு பெண் தனியாக ஏறிக்கொண்டிருந்தாள். பாதிக்குமேல் போய்விட்டாள். இடதுபக்கம் இருந்த ஒரு பிடிக்காகச் சாய்ந்துகொண்டிருந்தாள். கீழே பட்டை தைத்த மெத்தை அவள் கிளம்பிய இடத்திலேயே கிடந்தது.

ஆரிபா பையை மணலில் வைத்தார். விறுவிறுவென்று திரும்பிப்போய், மெத்தையைக் காலால் ஒரு முழம் இடதுபக்கம் தள்ளினார். தலையை நிமிர்த்தி, இரண்டு உள்ளங்கைகளையும் அவளுக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.